நாற்பத்தொன்றாவது கிலோமீட்டரில் ஒரு கிளை

மாதங்கி போட்டுக் கொடுத்த பாதை என்றால் தென்கொல்கத்தா சைக்கிள் குழுவில் கண்ணை மூடிக்கொண்டு போவார்கள். அவளுக்கும் அது தெரியும். தெரிந்ததால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. லாரி இல்லாத, ஹாரன் இல்லாத சாலைகளை எங்கிருந்தோ தேடிப் பிடிப்பாள். எத்தனையாவது கிலோமீட்டரில் டீக்கடை, எந்த ஊரில் நாய் துரத்தும், எங்கே பெண்கள் போக ஒரு கழிப்பறை கிடைக்கும் என்று ஒன்றுவிடாமல் எழுதிக் குழுவுக்கு அனுப்புவாள். கடைசியில் அமைதிக்கு மார்க் போடுவாள், ஐந்துக்கு இத்தனை என்று. வாரம் முழுக்க பாலிகஞ்சில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் உட்கார்ந்து பஸ்காரர்களின் ஹாரனைக் கேட்கிறவளுக்கு அந்த மார்க் சும்மா வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு அவள் லேக் கார்டன்ஸ் வீட்டின் மூன்றாவது மாடியில், சுளுக்கிய கணுக்காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தாள். அவள் போயிருக்க வேண்டிய பயணம். கால் இப்படி ஆனதால் கணவன் கிரிதர் போயிருந்தான். துணைக்கு ரிஷி. ஈரோட்டுக்காரன், ஐ.டி. வேலைக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது, வங்காளம் இன்னும் நாக்கில் ஏறவில்லை. முதல் நாளே சைக்கிள்களைக் காரில் ஏற்றிக்கொண்டு மேற்கே போய், ஒரு சின்ன ஊர் லாட்ஜில் தங்கி, விடிந்ததும் கிளம்பியிருந்தார்கள்.

மேற்கே போகப் போக வங்காளம் வேறு முகம் காட்டும். வயலும் குளமும் முடிந்து செம்மண் பொட்டல் தொடங்கும். முழங்கால் உயரப் புதர், கரடுதட்டிய நிலம், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு வீடு இருக்காது. அதைத் தாண்டினால் சால் மரக் காடு. காட்டுக்குள் ஏழு கிலோமீட்டர் தார்ச் சாலை. போன வருஷம் இதே ஐப்பசியில் அவள் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அந்த ஏழு கிலோமீட்டருக்கு ஐந்துக்கு ஐந்து போட்டாள். அவள் முழு மார்க் போட்டது அது ஒன்றுக்குத்தான்.

மேஜை மேல் இருந்த போனின் மேப்பில் கிரிதர் இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. பிறகு நாற்பத்திரண்டாவது கிலோமீட்டரில் நின்றது. சிக்னல் போயிருக்கும் என்று அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்போதுதான் ரிஷி கூப்பிட்டான்.

"அக்கா, நான் ரிஷி பேசறேனுங்க. அண்ணன்கிட்ட பேசினீங்களா?"

"இல்லையே. ஏன், நீ அவரோட இல்லையா?"

"என் சைக்கிள் செயின் அறுந்து போச்சுங்க. காட்டுக்கு முன்னாடி ஒரு டீக்கடை போட்டிருக்கீங்கல்ல, முப்பத்தொன்பதாவது கிலோமீட்டரு, அங்கதான் நிக்கறேன். ஒம்பது மணிக்குள்ள காட்டத் தாண்டணும்னு நீங்க எழுதியிருக்கீங்கன்னுட்டு அண்ணன் முன்னால போயிட்டாருங்க."

கிரிதர் அப்படித்தான். வங்கியில் தணிக்கைப் பிரிவு. எழுத்தில் இருந்துவிட்டால் அதற்கு மேல் அவனிடம் பேச்சில்லை. வெயில் ஏறிவிடுமே என்று அவள் ஒரு வார்த்தைக்கு எழுதியதைப் பிடித்துக்கொண்டு துணையை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். மாதங்கிக்குச் சிரிப்புதான் வந்தது.

"சரி, அவர் தாண்டிப் போய் வெயிட் பண்ணுவார். நீ நிதானமா செயினைப் போட்டுண்டு போ."

"அதில்லீங்க அக்கா." ரிஷியின் குரல் சரியில்லை. "டீக்கடைக்காரர் என்னமோ சொல்றாரு. ஹாதி, ஹாதிங்கறாரு. யானைதானுங்களே? ரோட்டுல கிளை, கிளைன்னு கையக் காட்டறாரு. எனக்கு ஒண்ணும் பிடிபடல. நீங்களே கேளுங்க."

டீக்கடைக்காரர் போனை வாங்கினார். வயதான குரல், அவசரமே இல்லாத வங்காளம். நெல் முற்றும் காலத்தில் யானைகள் இந்தப் பக்கம் வந்து தங்கும், தீதி, என்றார். கூட்டம் சாலை ஓரத்துக்கு வந்துவிட்டால் காவல் பார்க்கிற ஊர்க்காரர்கள் பச்சைச் சால் கிளை ஒன்றை ஒடித்துக் காட்டின் இரண்டு முனையிலும் சாலைக்குக் குறுக்கே போட்டுவிட்டு உள்ளே போவார்கள். கிளை கிடந்தால் யாரும் நுழைய மாட்டார்கள், பஸ்கூடத் திரும்பிவிடும். யானைகள் நகர்ந்த பிறகு அவர்களே வந்து எடுப்பார்கள். இன்று விடியற்காலையில் போட்டார்கள். பன்னிரண்டு யானை, கூட ஒரு குட்டி.

"உங்கள் வீட்டுக்காரர் கிளையைப் பார்த்திருப்பாரே," என்றார் பெரியவர். "ஏன் இன்னும் திரும்பி வரவில்லை?"

மாதங்கி காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

அவள் எழுதியதை அவளே எடுத்துப் படிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. குழுவில் எல்லோரும் சிரித்து ரசித்த வரி அது. 'நாற்பத்தொன்றாவது கிலோமீட்டரில் சாலைக்குக் குறுக்கே ஒரு கிளை கிடக்கலாம். காளி பூஜைச் சந்தா வசூல்காரர்களின் வேலை. யாரும் இல்லாத நேரம் பார்த்து சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு நடையைக் கட்டவும்.'

அவளைச் சொல்லியும் குற்றமில்லை, சொல்லாமலும் இருக்க முடியாது. காளிகாட்டில் பிறந்து வளர்ந்தவள். காளி பூஜைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போதே சந்துக்குச் சந்து கயிறோ மூங்கிலோ குறுக்கே வந்துவிடும். ரசீதுப் புத்தகத்தோடு நாலு பேர் நிற்பார்கள், சந்தா கொடுக்காமல் ரிக்‌ஷாகூட நகராது. சாலையில் எதுவாவது குறுக்கே கிடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று அவள் உடம்பில் ஊறியிருந்தது. போன வருஷம் காட்டு முகப்பில் அந்தக் கிளையைப் பார்த்தபோது, வசூல்காரர்கள் டீ குடிக்கப் போயிருக்கிறார்கள், நமக்கு அதிர்ஷ்டம் என்று சிரித்துக்கொண்டே தாண்டினாள். இலைகூட வாடாத கிளை. உள்ளே ஏழு கிலோமீட்டரும் ஒரு மனுஷன் இல்லை, ஒரு மாடு இல்லை, ஒரு சைக்கிள் மணி இல்லை. என்ன அமைதி, என்ன அமைதி என்று நடுவில் இறங்கி நின்று போட்டோ வேறு எடுத்தாள். ஊரே பயந்து ஒதுங்கி நின்ற சாலைக்குத்தான் அவள் ஐந்துக்கு ஐந்து போட்டிருக்கிறாள்.

கிரிதரைக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி கூப்பிட்டாள். ஏழு தடவை அதே பெண்குரல், அதே மரியாதை. போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

ரிஷி மறுபடி லைனில் வந்தான். "அக்கா, இந்தக் கடைக்காரர் சைக்கிள வாங்கிட்டு நான் உள்ள போய்ப் பார்க்கட்டுங்களா?"

போ என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை. வேறு ஒருத்தி பெற்ற பிள்ளையை யானைக்கூட்டத்துக்குள் அனுப்பித் தன் புருஷனைத் தேடச் சொல்ல ஒரு நொடி அவள் தயாராகத்தான் இருந்தாள். பெரியவர் பின்னாலிருந்து, "அனுப்பாதே தீதி, அனுப்பாதே," என்று கத்திக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் ரிஷி. நீ அங்கயே இரு. ஒரு அடி நகரப்படாது," என்றாள்.

பிறகு வனத்துறை எண்ணைத் தேடிக் கூப்பிட்டு, ஆள் ஒருவன் சைக்கிளில் உள்ளே இருக்கிறான் என்று சொன்னாள். காவல் ஆட்களுக்குத் தகவல் சொல்கிறோம், சத்தம் போட்டு விரட்டவும் முடியாது, குட்டி இருக்கிறது, மிரளும் என்றார்கள். அதற்குமேல் செய்ய அவளுக்கு ஒன்றுமில்லை. புள்ளி நாற்பத்திரண்டிலேயே நின்றது. கிரிதர் சாதாரணமாக மிதித்தாலே ஏழு கிலோமீட்டருக்கு இருபது நிமிஷம். எட்டு இருபதுக்கு நுழைந்திருந்தால் எட்டு நாற்பதுக்கு வெளியே வந்திருக்க வேண்டும். மணி எட்டு ஐம்பது. எட்டு ஐம்பத்தைந்து. நொண்டிக்கொண்டே ஹாலில் நடந்தாள். கால் வலிக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அந்த மனுஷன் அவள் பேச்சைக் கேட்கவில்லை என்று எத்தனை சண்டை போட்டிருப்பாள். இன்று ஒரு நாள் கேட்காமல் இருந்திருக்கட்டுமே என்று எந்தெந்தத் தெய்வத்தையோ கூப்பிட்டாள்.

ஒன்பது ஐந்துக்கு போன் அடித்தது. கிரிதர்.

"மாது," என்றான். மூச்சு வாங்கியது. "வெளில வந்துட்டேன். ஒண்ணும் ஆகல."

அவள் அழுதாள். அவன் பேசட்டும், பேசிக்கொண்டே இருக்கட்டும் என்று இருந்தது.

"நடுவுல மூங்கிலெல்லாம் முறிஞ்சு கிடந்தது. சாணி வேற, ஆவி பறக்க. திரும்பறதா போறதான்னு தெரியாம ஒரு மரத்துப் பின்னாடி இருவது நிமிஷம் நின்னுண்டிருந்தேன். பக்கத்துலயே மூச்சு விடற சத்தம் கேட்டது மாது. எதையும் பார்க்கல, சத்தம் மட்டும். அப்பறம் ஒரே மிதி. இந்த முனையில பத்து பேர் நின்னுண்டு என்னை அடிக்காத குறையாத் திட்டறா. கிளையைப் பார்க்கலையாங்கறா. பார்த்தேனே, எடுத்துப் போட்டுட்டுத்தானே வந்தேன்."

மாதங்கியின் அழுகை நின்றது.

"எடுத்துப் போட்டியா? தாண்டித்தானே போகச் சொல்லி எழுதியிருந்தேன்."

"தாண்டறதா? அவ்வளவு பெரிய கிளை. பின்னால ரிஷி வேற வரணும், அவனும் தூக்கிண்டு கஷ்டப்படுவானேன்னு இழுத்துப் பள்ளத்துல தள்ளிட்டேன். சந்தாக்காராளோட கிளைதானே."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் எழுத்தில் இருந்ததற்கு மேலாக ஒன்று செய்திருக்கிறான், அடுத்தவன் நன்மைக்காக. மாதங்கி போனை வைத்துவிட்டு ரிஷியைக் கூப்பிட்டாள். அவசரத்தில் இரண்டு தடவை வேறு யாருக்கோ போனது.

"ரிஷி, அந்த வழியா யாராவது போனாளா? வண்டி கிண்டி?"

"போனாங்க அக்கா. ஒரு பைக்கு. புருஷன் பொண்டாட்டி, நடுவுல ஒரு பொம்பளப் புள்ள. பத்து நிமிஷம் ஆச்சுங்க. உள்ளூர்க்காரங்கதானே, கிளையப் பார்த்தா திரும்பிருவாங்கன்னு கடைக்காரர் ஒண்ணும் சொல்லல."

"அங்க கிளை இல்லடா," என்றாள் மாதங்கி.

சொல்லி முடித்ததும் பெரியவரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி அதையே வங்காளத்தில் சொன்னாள். அவர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடும் சத்தம் கேட்டது. ரிஷியும் ஓடினான். போன் அணைந்தது.

கணவன் உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோஷத்தை அவள் முழுசாக ஒரு நிமிஷம்கூட அனுபவிக்கவில்லை. பைக்கில் போன மூன்று பேருடைய பெயர் அவளுக்குத் தெரியாது, முகம் தெரியாது. தெரியாத முகங்களுக்காக இப்படித் தவிப்போம் என்று அவள் நினைத்ததே இல்லை. வனத்துறையை மறுபடி கூப்பிட்டாள். கிரிதர் இரண்டு தடவை கூப்பிட்டான், எடுக்கவில்லை. பிறகு குழுவைத் திறந்து அந்தக் குறிப்பை அழித்தாள். இருநூற்றுப் பதினோரு பேர் ஏற்கெனவே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். 'கிளை கிடந்தால் போகாதீர்கள், யானை' என்று எழுதி அனுப்பினாள். உடனே இரண்டு பேர் சிரிக்கிற முகம் போட்டார்கள்.

ஒன்பது நாற்பதுக்கு ரிஷி கூப்பிட்டான்.

"வந்துட்டாங்க அக்கா. மூணு பேரும் நடந்தே வந்துட்டாங்க. வளைவுல யானை குறுக்க நின்னுச்சாம். பைக்கப் போட்டுட்டு ஓடியிருக்காங்க. அது பைக்க மிதிச்சுப் போட்டுருச்சுங்க. அந்த அண்ணனுக்குக் கை ஒடிஞ்சிருக்கும்போல, தொங்குது. புள்ளைக்கு ஒண்ணுமில்ல, ஆனா பேச மாட்டேங்குது, அழவும் மாட்டேங்குது. ஆம்புலன்ஸ் சொல்லியாச்சுங்க. அந்தம்மா என்கிட்ட என்னமோ கேட்டுக்கிட்டே இருக்காங்க. நீங்க கொஞ்சம் பேசறீங்களா?"

மாதங்கி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள், திட்டட்டும் என்று நினைத்தாள். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம்.

அந்தப் பெண் திட்டவில்லை. சின்ன வயதுக் குரல்.

"தீதி, நீங்கள் கல்கத்தாவா? ஒன்று கேட்க வேண்டும். என் வீட்டுக்காரர் காட்டுக்குள் நுழையும் முன் வண்டியை நிறுத்தி எப்போதும் பார்ப்பார். இன்றும் நிறுத்திப் பார்த்தார். கிளை இல்லை, போகலாம் என்றார். இப்போது, நான் சரியாகப் பார்க்கவில்லை, என் பிள்ளையை நானே கொல்லப் பார்த்தேன் என்று தலையில் அடித்துக்கொள்கிறார். ஒடிந்த கையோடு அடித்துக்கொள்கிறார். உங்களுக்குத் தெரியுமா? கிளை இருந்ததா, இல்லையா?"

"இல்லை," என்றாள் மாதங்கி. "அவர் சரியாகத்தான் பார்த்தார். கிளையை நாங்கள் எடுத்துவிட்டோம். நான்தான் எடுக்க வைத்தேன்."

அந்தப் பெண் போனிலிருந்து முகத்தைத் திருப்பி, "கேட்டாயா, நீ சரியாகத்தான் பார்த்திருக்கிறாய்," என்று சொன்னது கேட்டது. ஓர் ஆண் குரல் ஏதோ சொல்லித் தேம்பியது. குழந்தை அப்போதுதான் அழத் தொடங்கியது. வெகுநேரம் அழுகை மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பெண் மறுபடி போனுக்கு வந்தாள். கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"எதற்காக எடுத்தீர்கள், தீதி?"

"பூஜைச் சந்தா கேட்கிறவர்கள் போட்டது என்று நினைத்தோம்," என்றாள் மாதங்கி.

"என்ன?" என்றாள் அந்தப் பெண். குழந்தையின் அழுகையில் சரியாகக் கேட்கவில்லை. "என்ன சொன்னீர்கள்?"

மாதங்கி இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாக, அதையே சொன்னாள்.