மாற்று ஆள் வரும் வரை

சேரப்பணஞ்சேரி தாண்டியதும் அந்த இடம் வரும். இரண்டு வண்டி தாராளமாகப் போகிற சாலை, ஒரு சின்னப் பாலத்தின் முன்னால் ஒரு வண்டிக்கு மட்டும் என்று சுருங்கிவிடும். பாலத்தை ஒட்டிப் பச்சைச் சுவர் வீடு ஒன்று. சாலையை அகலப்படுத்த இடம் கொடுக்காமல் அடம்பிடிக்கிற அந்த வீட்டுக்காரனால்தான் இந்தப் பாடு என்று கம்பெனி பஸ்ஸில் ஏறுகிற எல்லாரும் சொல்வார்கள். அவனை ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் ஷிப்டுக்கே போவார்கள். செல்வலட்சுமியும் மூன்று வருஷமாகத் திட்டுகிறாள். திருநெல்வேலிப் பேச்சில் திட்டினால் அதன் ருசியே தனி.

அன்றைக்கு மட்டும் அவளுக்குத் திட்ட வாய் வரவில்லை. நிரந்தர வேலைக்கான தேர்வு எட்டரைக்கு. எட்டரை ஆனால் கதவைச் சாத்திவிடுவார்கள். மணியோ எட்டு. பாலத்தின் வாயில் ஒரு தண்ணீர் லாரியும் ஒரு டிரெய்லரும் நான் முந்தி நீ முந்தி என்று மூக்கை நுழைத்து, இரண்டும் நகராமல் நின்றன.

அடப்பாவிகளா, இதற்கா இத்தனை சண்டை! கம்பெனியில் அவள் நிற்கிற இடத்தில் தினமும் நடப்பதுதானே இது. இரண்டு லைனில் கார்க் கதவுகள் வரும், பெயின்ட் அடிக்க ஒரே லைன்தான் போகும். இதில் ஒன்று, அதில் ஒன்று என்று விடுவாள், ஒருநாளும் முட்டிக்கொண்டதில்லை. பொறுக்க முடியாமல் இறங்கிப் போனாள். யூனிபாரத்தையும் கழுத்து அட்டையையும் பார்த்து ஏதோ ஆபீசர் என்று நினைத்தார்களோ என்னவோ, டிரெய்லர்காரர் மறுபேச்சில்லாமல் பின்வாங்கினார். அவள் கை காட்டக் காட்ட வண்டிகள் நகர்ந்தன.

அவளுடைய பஸ்ஸும் வந்தது. ஏறச் சொல்லி ஜன்னலிலிருந்து கூட வேலை பார்க்கிற முப்பிடாதி கத்தினாள். செல்வலட்சுமி ஓரடி நகர்ந்ததுதான் தாமதம், பின்னால் இரண்டு கார்கள் ஒன்றாக மூக்கை நீட்டின. மாற்று ஆள் வராமல் லைனை விட்டு நகரக் கூடாது என்பது அவள் உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது. திரும்பி நின்று கையைத் தூக்கினாள். பஸ் போய்விட்டது.

அப்போதுதான் பச்சைச் சுவர் வீட்டிலிருந்து அந்த வீட்டுக்காரர் பலராமன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு. அவ்ளோதானே? நான் பாத்துக்கிறேன், நீ போம்மா."

அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஐயா, நீங்க இடத்தக் குடுத்திருந்தா இந்தக் கூத்தே இல்லல்லா?"

அவர் திரும்பிக் காட்டினார். வீட்டின் முன்பக்கம் பாதியில் அறுபட்டு நின்றது. இடித்ததில் வெளியே தெரிந்த உள்சுவருக்குத்தான் பச்சை அடித்திருந்தார்.

"முன்ரூமை இடிச்சுக் குடுத்து ரெண்டு வருஷம் ஆவுது. பாலத்த அகலமாக்குறது வேற ஆபீஸு, அவங்க இன்னும் வரல. உங்க பஸ்ஸுலேர்ந்து திட்டு மட்டும் டைமுக்கு வந்துடுது."

செல்வலட்சுமிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடினாள். பாலத்துக்கு அப்பால் சாலை மறுபடி அகலமாகிற இடத்தில், முப்பிடாதி படியில் நின்று சண்டை போட்டு பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தாள். செல்வலட்சுமி எட்டு இருபத்தெட்டுக்குத் தேர்வறைக்குள் நுழைந்தாள்.

மறுநாள் காலை பாலம் வந்தது. செல்வலட்சுமி விஷயத்தைச் சொல்லியிருந்ததால் பஸ்ஸில் யாரும் திட்டவில்லை. பாலத்தின் வாயில் பலராமன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று விட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மாற்று ஆள் இன்னும் வரவில்லை.