கடைசி ஃபெர்ரிக்கு முன் ஓர் உரை

1
இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. பாம்பூஃப்ளாட் பள்ளியில் ஆங்கிலம் நடத்தும் நீலாவதி, போர்ட் பிளேரின் சாத்தாம் படகுத்துறையிலிருந்து அக்கரை பாம்பூஃப்ளாட்டுக்குப் போகும் ஃபெர்ரியில் என்னிடம் சொன்னது.

"எழுதறதுன்னா எழுதுங்க சார். நான் சொல்லாததை மட்டும் என் வாயில வெச்சிடாதீங்க."

இந்த நிபந்தனையோடு கதை எழுதுவது பெரிய தலைவலி.

2
1971. போர்ட் பிளேர். கடல் அலைகள் ஆர்ப்பரிக்க—

(வேண்டாம். துறைமுகத்துக்குள் ஏது அலை?)

தமிழ் மன்றத்தின் ஆண்டுவிழா. நீலாவதியின் தலைப்பு, இடைக்கால இங்கிலாந்தில் பெண்கள் எழுதியவை. [கொட்டாவி விடாதீர்கள், மன்றத்தார் அதை ஏற்கெனவே செய்துவிட்டார்கள்.] எழுதத் தெரியாத பெண்கள் தம் வாழ்க்கையைச் சொல்ல, பாதிரியார்கள் எழுதிக்கொண்டதும் உண்டு. எது அவள் சொல், எது அவர் சொல் என்று இன்றும் பிரிக்க முடியவில்லை. இலக்கிய வரலாறுகளும் நெடுங்காலம் அவர்களை அடிக்குறிப்பில் உட்காரவைத்தன. இதைச் சொல்லத்தான் நீலாவதி ஒரு மழைக்காலம் முழுக்கப் படித்தார்.

3
மன்றத்தில் பெண்கள் பேச்சு எப்போதும் நன்றியுரைக்கு முன்னால்தான். அன்று வரவேற்புரை நீண்டது. பிறகு பொன்னாடை. பிறகு பொன்னாடைக்கு நன்றி. அக்கரையில் நீலாவதியின் கைக்குழந்தை பாலுக்குக் காத்திருந்தது. கடைசி ஃபெர்ரிக்கு நேரமாகிவிட்டது. செயலாளர் ஜம்புலிங்கம் மேடையோரம் வந்தார்.

"அரே, ஃபெர்ரி போயிடும்மா. கட்டுரையைக் குடுங்க, நானே படிச்சுடறேன். டீக் ஹை, சரிதானே?"

"உங்க குரல்லயா சார்?"

"யார் படிச்சா என்னம்மா? விஷயம்தானே முக்கியம்."

ஜம்புலிங்கத்தை வில்லனாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. நல்ல மனிதர். ஃபெர்ரியைக் கொஞ்சம் நிறுத்திவைக்கச் சொல்லி ஆள்கூட அனுப்பியிருந்தார். அதுதான் எனக்கு எரிச்சல்.

4
முடிவு ஒன்று: கட்டுரையைக் கொடுத்துவிட்டு ஓடுகிறார். ஜம்புலிங்கத்துக்கு நல்ல கைதட்டல்.

முடிவு இரண்டு: மேடையேறித் தானே பேசுகிறார். அக்கரையில் குழந்தை அழுது அழுது—

இரண்டையும் நானேதான் அவர் வாயில் வைக்கிறேன். பாதிரியார் வேலை எனக்கு நன்றாகவே வருகிறது.

5
ஃபெர்ரி கரையை நெருங்கியபோது பொறுக்காமல் கேட்டேன். "கடைசியில என்னதான் செஞ்சீங்க?"

நீலாவதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அதை நானே எழுதிக்கறேன் சார். நீங்க இதோட நிறுத்திக்குங்க."

நிறுத்திவிட்டேன். கீழே இடம் விட்டிருக்கிறேன். வாசகரே, தயவுசெய்து நீங்களும் அதில் எழுதிவிடாதீர்கள்.