ஹார்லன் தாமதமாக வந்த மாலை

நாங்கள் ஃபோர்ட் வெயின் நகரத்துக்குக் குடிவந்த நான்காம் நாள், முன்பின் தெரியாத ஒருவரின் இறுதிச் சடங்கு விருந்தில் உட்கார்ந்து வயிறார உண்டோம். அது தெரியாமல் நடந்த பிழை. அடுத்த ஐந்து நிமிடத்தில் நான் செய்தது தெரிந்தே செய்தது. பதினோரு வருடம் ஆகிறது. இன்றும் அந்த விருந்து நடந்த கூடத்துப் படிகளில் இறங்கும்போது ஒரு நொடி தயங்கிவிடுகிறேன்.

புளோரிடாவில் நான் வேலை பார்த்த கிடங்கை மூடிவிட்டார்கள். ஏழு மாதம் சும்மா இருந்தேன். கடைசியில் இங்கே ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. எல்லாம் தொலைபேசியிலேயே பேசி முடிந்தது. நான் இந்த ஊரைப் பார்த்ததுகூட இல்லை. மனைவி கொரின், ஒன்பது வயது டெஸ்ஸா, மூன்று வயது ஜூனி, நான்கு பெட்டிகள். இவர்களோடு மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினேன். சாமான் லாரி புதன்கிழமை வரும் என்றார்கள். பிறகு வியாழன் என்றார்கள். பிறகு திங்கள்.

வீட்டில் அடுப்பு இருந்தது. அதன் மேல் வைக்க ஒரு பாத்திரம் இல்லை. கோட்டுகளை விரித்துத் தரையில் படுத்தோம். மூன்று நாளாக ரொட்டியும் வேர்க்கடலை வெண்ணெயும்தான். கொரின் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை பெட்ரோல் போடப் போன இடத்தில், கல்லாவில் இருந்த பெண் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, தவக்கால வெள்ளி ஆயிற்றே, தேவாலயத்தில் மீன் பொரிப்பார்கள், சுடச்சுடச் சாப்பிடலாம் என்று சொன்னாள். பாலம் தாண்டினால் செங்கல் தேவாலயம், வாசலில் நிறைய கார் நிற்கும், அதுதான் அடையாளம் என்றாள். பாலம் தாண்டினோம். செங்கல் தேவாலயம் இருந்தது. நிறைய கார்களும் நின்றன. அடுத்த தெருவில் இன்னொரு செங்கல் தேவாலயம் இருப்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

கீழ்த்தளக் கூடத்துக்குப் படி இறங்கினோம். நீளமான மேசைகள், வெள்ளைக் காகித விரிப்பு, காப்பி வாசனை. ஏப்ரன் கட்டிய ஒரு பெண் எங்கள் நான்கு பேரையும் கண்ணாலேயே எண்ணி நான்கு தட்டு எடுத்துக் கொடுத்தாள். பன்றி இறைச்சி, பாலாடைக்கட்டி போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு, பீன்ஸ், பழத் துண்டுகள் மிதக்கும் சிவப்பு ஜெல்லி. பணம் எங்கே கட்டுவது என்று பார்த்தேன். ஒன்றும் தென்படவில்லை. போகும்போது வாங்குவார்கள் போலிருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் இரண்டாம் முறை உருளைக்கிழங்கு வாங்கினார்கள்.

ஜூனி சத்தமாக, மீன் எங்கே என்று கேட்டாள்.

எதிரே உட்கார்ந்திருந்த கிழவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பெயர் மெர்ல் என்று பிறகு தெரிந்தது. "மீனா? அதுக்கு நீ அடுத்த தெருவுல கத்தோலிக்கக்காரங்க வீட்டுல பொறந்திருக்கணும் கண்ணு" என்றார். தவக்கால வெள்ளியில் இறைச்சியை விட்டு மீன் உண்பவர்கள் அவர்கள்தான்; நாங்கள் நுழைந்தது வேறு சபை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "ஹார்லனோட உங்களுக்கு எப்படிப் பழக்கம்?"

அப்போதுதான் கண்ணில் பட்டது. சுவரோரம் பூக்கள். ஒரு பலகை நிறையப் புகைப்படங்கள், எல்லாவற்றிலும் ஒரே மனிதர். ஆண்கள் எல்லாரும் கறுப்பு டை கட்டியிருந்தார்கள். கொரின் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மெர்ல் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இறைச்சி வைத்துக்கொள்ளுங்கள் என்றிருப்பார். இன்று அதே கூடத்தில் தட்டு எடுத்துக் கொடுப்பவன் நான். வருகிறவர்களிடம் யாரைத் தெரியும் என்று ஒருபோதும் கேட்பதில்லை. ஆனால் அன்று நான் வேறு ஆள். அந்த ஏழு மாதத்தில் இலவச உணவுப் பெட்டிக்கு வரிசையில் நின்றிருக்கிறேன். இனி என் பிள்ளைகள் ஓசிச் சோறு தின்பதை ஒருவரும் பார்க்கக் கூடாது என்று சபதம் செய்துகொண்டு வந்திருந்தேன். அந்த வீம்புதான் வாயைத் திறந்தது.

"ஒரு தடவை எனக்கு உதவி செஞ்சிருக்கார்" என்றேன்.

அதோடு போயிருக்கும். ஆனால் மெர்ல் திரும்பிக் கையசைத்தார். "டெல், இங்க வா. இந்தப் பையன் சொல்றதைக் கேளு."

ஹார்லனின் மனைவி டெலோரஸ் வந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும். சின்ன உருவம். யாரோ பரிசளித்த பொருளைப் பிரிக்கப் போகிறவர் போல என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கதை கட்டினேன். ஜனவரியில் வேலை விஷயமாகப் பேச வந்தேன், பனியில் கார் நின்றுவிட்டது, ஒருவர் தம் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார்.

"பச்சை வண்டியா?"

"ஆமாம்மா, பச்சை."

"வியாழக்கிழமையா? சாயந்திரம்?"

"வியாழக்கிழமைதான்."

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மெல்லத்தான் பேசினார். குழாய்க்கு வாஷர் வாங்கிட்டு வரேன் என்று அன்று ஹார்லன் கிளம்பினாராம். கடை பத்து நிமிட தூரம். இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். அடுப்பில் இறைச்சி காய்ந்து கட்டையாகிவிட்டது. எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு வெறுமனே சிரித்தார். மறுநாள் மத்தியானம்வரை அவரோடு இவர் பேசவில்லை. அதிலிருந்து ஏழாவது வாரம் மாரடைப்பில் அவர் போய்விட்டார்.

"நாப்பத்தொம்பது வருஷத்துல அந்த ஒரு நாள்தான் பேசாம படுத்தேன்" என்றார் டெலோரஸ். "தான் செஞ்சதை அவரு என்னைக்கு வாயைத் திறந்து சொல்லியிருக்கார்? உன்கூடத்தான் நின்னுக்கிட்டு இருந்தாரா அப்போ?"

பின்வாங்க அங்கே இன்னும் ஒரு வாசல் திறந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் அதை மூடினேன்.

"ஆமாம்மா. ரெண்டு மணி நேரம் இருந்தார்."

என் முகவரியைக் கேட்டு ஒரு காகிதத் துவாலையில் எழுதிக்கொண்டார். போகும்போது நான்கு டப்பா நிறைய உணவு கட்டிக் கொடுத்தார். பாலத்தின் மேல் வரும்போது டெஸ்ஸா பின்னாலிருந்து, "அப்பா, நீங்க இதுக்கு முன்னாடி இந்த ஊருக்கு வந்ததே இல்லையே" என்றாள். கொரின் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. இந்த ஊரில் சடங்குக்கு வந்தவர்களுக்கெல்லாம் நன்றிக் கடிதம் எழுதுவது வழக்கம். பெரும்பாலும் இரண்டு வரி இருக்கும். இது ஒரு பக்கம். மகன் கீத் ஓமாஹாவுக்குத் திரும்புவதற்கு முன் அவனிடமும் சொன்னேன், அவனும் அழுதான் என்று எழுதியிருந்தார். அந்த வியாழக்கிழமையை நினைத்து இத்தனை நாள் தூக்கமில்லாமல் கிடந்தேன், இப்போது தூங்குகிறேன், கர்த்தர்தான் உங்களை அந்த மேசைக்கு அனுப்பினார் என்று முடித்திருந்தார்.

கொரின் படித்துவிட்டு மடித்து வைத்தாள். "கர்த்தர் பேரைப் போட்டு எழுதியிருக்காங்க டெரிக்."

அந்த அம்மாவுக்குத் தூக்கம் வருகிறதே, அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று வாதாடினேன். மூன்று நாள் வாதாடினேன். சாமான் லாரி வந்து பெட்டிகளை இறக்கியபோதும், கட்டிலை மாட்டியபோதும் மனதுக்குள் அதே வாதம்தான். மூன்றாம் நாள் கொரின், "இவ்வளவு நல்ல காரியம்னா அதை டெஸ்ஸாவைக் கூப்பிட்டு விளக்கிச் சொல்லு, நான் கேக்கறேன்" என்றாள். டெஸ்ஸா பக்கத்து அறையில் தன் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட முடியாது என்று தெரிந்த நொடியில் வாதம் முடிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை கார்ச் சாவியை எடுத்தேன். டெஸ்ஸா காலணி போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். யாரும் அவளை வரச் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதையும் எனக்கு இல்லை.

கடித உறையில் இருந்த முகவரிக்குப் போனோம். டெலோரஸ் எங்களைச் சமையலறைக்கு அழைத்துப் போனார். மேசை முழுவதும் உறைகளும் கடிதத் தாள்களும். காப்பி ஊற்றப் போனவரை நிறுத்தி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பெட்ரோல் போட்ட இடம், மீன், காலியான வீடு, வீம்பு. எதையும் எனக்குச் சாதகமாக வளைக்காமல் சொல்ல முயன்றேன். அதிலும் பாதிதான் முடிந்தது.

"கார் நிக்கலையா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. நான் ஜனவரியில இங்க வரவே இல்லை."

"வியாழக்கிழமைன்னு சொன்னியே."

"நீங்க சொன்னீங்க. நான் ஆமான்னேன்."

அவர் கையிலிருந்த காப்பிக் குடுவையை அடுப்பின் மேல் திரும்ப வைத்தார். சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்து எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். "கீத்கிட்ட இதை என்னால சொல்ல முடியாது. நீ சொன்னது. நீயே திரும்ப எடுத்துக்கோ" என்று என் கையில் கொடுத்தார்.

அதைவிடக் கடினமான ஒரு காரியத்தை நான் இதுவரை செய்ததில்லை. முகம் தெரியாத ஒரு மனிதனிடம், உன் தகப்பனைப் பற்றி நான் சொன்னது பொய், உன் தாய் அதை நம்பினார் என்று சொன்னேன். ஓமாஹாவில் எங்கோ ஒரு நாய் குரைப்பது கேட்டது. வசவுக்குத் தயாராக நின்றேன். வசவு வந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அம்மா நின்னுக்கிட்டு இருக்காங்களா, உக்காந்திருக்காங்களா?" என்று கேட்டான்.

"நிக்கறாங்க."

"முதல்ல உக்கார வையுங்க. அவங்களா உக்கார மாட்டாங்க."

நான் அசைவதற்குள் டெஸ்ஸா ஒரு நாற்காலியை இழுத்து அவர் பின்னால் போட்டாள். டெலோரஸ் உட்கார்ந்தார். தொலைபேசியை அவரிடம் கொடுத்தேன். ம், ம் என்றார். சாப்பிட்டேன் என்றார். ஞாயிறு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார்.

"உன்னைத் திட்டினானா?"

"இல்லம்மா."

"திட்ட மாட்டான். அவங்க அப்பனும் அப்படித்தான், சண்டை போடக்கூட ஆள் இல்லாம நான் தவிச்சுப் போயிருக்கேன்." மேசைத் தாள்களை வெறுமனே ஒழுங்குபடுத்தினார். "அப்போ அந்த ரெண்டு மணி நேரம் எங்க இருந்தார்னு தெரியாமலே போகப்போகுது."

"நான் வந்து சொல்லாமலே இருந்திருக்கலாமோன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"வேண்டாம்" என்றார். குரலில் கோபம் இருந்தது. அந்தக் காலையில் அப்போது ஒருமுறைதான் அது வெளிப்பட்டது. "அவர் செய்யாததை அவர் பேர்ல ஏத்தாதே. செஞ்சதே அவருக்குப் போதும்."

நான் தலை குனிந்து நின்றேன். டெலோரஸ் என்னைப் பார்க்காமல், தமக்குத் தாமே கணக்குத் தீர்ப்பவர் போலப் பேசினார். காரணம் தெரிந்தால்தான் அந்தச் சிரிப்பை மன்னிப்பது என்று இத்தனை நாள் பிடிவாதமாக இருந்துவிட்டேன் என்றார். யாருக்காவது உண்மையிலேயே வண்டி தள்ளியிருக்கலாம். கடைக்காரனோடு சீட்டாடிக்கொண்டும் இருந்திருக்கலாம்.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றார். "ரெண்டு மணி நேரம்தானே. அவருடையதுதான்."

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "பசங்க பசியா இருந்தாங்கன்னு சொல்லியிருந்தா நாங்க போட்டிருக்க மாட்டோமா?"

ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்டபோது அவர் முகத்தில் வருத்தம்தான் இருந்தது. இந்த ஊரையே, அதன் மனிதர்களையே, பார்ப்பதற்கு முன்பே நான் கருமிகள் என்று முடிவுகட்டிவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொய்யைவிட அது பெரிய அவமதிப்பு. மன்னியுங்கள் என்று சொன்னேன்.

அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. டெஸ்ஸாவிடம் திரும்பி, நீ எதற்கு வந்தாய் என்று கேட்டார்.

"அப்பா தனியா வரணுமேன்னு" என்றாள் டெஸ்ஸா.

டெலோரஸ் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இன்னும் இரண்டு நாற்காலிகளைக் காட்டினார். "இன்னும் அறுபது கவர் கிடக்கு. எனக்கு விரல் வலிக்குது. உக்காருங்க."

மத்தியானம்வரை உட்கார்ந்தோம். டெஸ்ஸா தபால்தலை ஒட்டினாள். டெலோரஸ் ஒவ்வொரு கடிதத்திலும் இரண்டு வரி எழுதி என்னிடம் தள்ளினார். மடித்து உறையில் போட வேண்டியது என் வேலை. படிக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. பூ அனுப்பியவர், நாற்காலி அடுக்கியவர், கல்லறைக்கு நடக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டவர், உருளைக்கிழங்கு வேகவைத்தவர். எல்லாம் உண்மையாகவே யாரோ செய்தவை. அவற்றை ஒவ்வொன்றாக மடித்தேன். எனக்கு முகம் எரிந்துகொண்டேயிருந்தது.