பொலபொலப்பான மண்

முப்பது வருஷம் பஸ்ஸை நிறுத்திய விசிலைக் கண்டக்டர் இப்போது ஒரு பூனைக்காக ஊதிக்கொண்டிருந்தார். தெருப்பூனை ஒருமுறை திரும்பிப் பார்க்கும். பிறகு ரோஜாத் தொட்டியில் வந்த காரியத்தை முடித்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போகும்.

ஓய்வுபெற்ற பிறகு அவர் வளர்த்தவை பதினான்கு தொட்டிகள். வெள்ளிக்கிழமை மகள் வருகிறாள், ஆறு மாதக் கர்ப்பிணி. வாசலில் பெட்டியை வைத்ததுமே தொட்டி மண்ணில் கை வைப்பது அவள் வழக்கம். பூனைக் கழிவு கலந்த மண் அவளுக்கு ஆகாது என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார்.

"வியாழக்கிழமை வரைக்கும் பாப்பேன். பூனை நிக்கலைன்னா தொட்டி ஒண்ணு விடாம வெளிய போகும்," என்றாள் மனைவி. "செடி பெருசா, பொண்ணு பெருசா?"

கண்டக்டர் குட்டி போட்ட பூனை மாதிரி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். ஆரஞ்சுத் தோலைப் போட்டார். பூனை அதை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தது. மிளகாய்ப்பொடி தூவினார்; காற்று திரும்பி, தும்மியது அவர்தான். ஆனால் என்ன நடந்தாலும், காலையில் அசிங்கத்தை அள்ளிப் போட்டுவிட்டு ஒவ்வொரு தொட்டியையும் கொத்தி, கட்டி உடைத்து, மாவு மாதிரி ஆக்காமல் காபி குடிக்க மாட்டார்.

புதன்கிழமை மாடிவீட்டு டீச்சர் கீழே விழுந்த துண்டை எடுக்க வந்தவர், இதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? பூனை தேடுறதே இந்த மாதிரி பொலபொலன்னு இருக்கிற மண்ணைத்தான். தினமும் அதுக்குக் கக்கூஸைத் தயார் பண்ணி வெச்சுட்டு, அப்புறம் விசில் ஊதுறீங்க."

கண்டக்டர் மூலையில் கிடந்த கற்றாழைத் தொட்டியைப் பார்த்தார். அவர் சீண்டாமல் விட்டதால் மண் இறுகிக் கிடந்தது. பூனை அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது புரிந்து அவர் காது சிவந்தது.

அன்றே கையுறை போட்டுக்கொண்டு மேல்மண்ணை வழித்தெடுத்து, புது மண் நிரப்பி, நெருக்கமாகக் கூழாங்கல் பரப்பினார். கொல்லையில் ஓர் அகலமான பழைய பேசினில் மணல் கொட்டினார். வியாழக்கிழமை பூனை தொட்டி தொட்டியாகக் கால் வைத்துப் பார்த்து, காலை உதறி, கொல்லைப்பக்கம் போனது. மனைவி ஜன்னல் வழியே பார்த்துவிட்டுக் காபி கொடுத்தாள். தொட்டிகள் தப்பின.

மகள் வந்ததும் கை வைத்தாள். கல் தட்டுப்பட்டது.

"குழந்தை பொறந்தப்புறம் மண்ணைத் தொடலாம்மா," என்றார் கண்டக்டர். "அதுவரைக்கும் பூவை மட்டும் பாரு."

மறுநாள் காலை அவள் அப்பாவைத் தேடிக் கொல்லைக்கு வந்தாள். அவர் பேசின் முன்னால் குத்துக்காலிட்டு, கையுறைக் கையால் மணலைக் கிளறி, சிறு கட்டியைக்கூட விடாமல் உடைத்துக்கொண்டிருந்தார்.

"இதுல என்ன செடிப்பா வைக்கப் போறீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"செடியெல்லாம் இல்லடி. அவர் கைப்பக்குவம் தெரிஞ்ச ஒரே ஆளுக்குப் பண்றாரு."