கயிற்றைப் பிடித்தவனே அண்ணன்

அந்தப் பெயிண்டர் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாடிச் சுவருக்கு வெளியே பலகையில் தொங்கி வண்ணம் அடிக்கப் போகிறவன், தன் இடுப்பில் கட்டிய காப்புக் கயிற்றை மேலே நின்று பிடிப்பவனை "அண்ணே!" என்று கூப்பிட வேண்டும். அவன் "இருக்கேன்டா தம்பி" என்ற பிறகுதான் கால் வெளியே போகும். வயசும் கிடையாது, ஊரும் கிடையாது. தலை நரைத்த மேஸ்திரியே நேற்று வந்தவனை அண்ணே என்பார்.

"முன்ன ஒரு தடவ, கயித்த அவன் புடிச்சிருப்பான்னு இவனும், இவன் புடிச்சிருப்பான்னு அவனும் சும்மா இருந்துட்டாங்க. தொங்கினவன் போயே போய்ட்டான்," என்பார் அவர். "முன்னபின்ன தெரியாதவன் கையில உசுரக் குடுக்கிறோம். சொந்தமாக்கிட்டுக் குடுத்தா என்ன குறைஞ்சு போச்சு?"

இன்றைக்கு வந்து வாய்த்தது பாருங்கள் வம்பு! புதிதாகச் சேர்ந்தவன், கயிறு பிடிக்கும் சுருட்டையின் சொந்த அண்ணன். தம்பி காதலித்துக் கல்யாணம் செய்த நாளிலிருந்து, "அவ இருக்கிற வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று முறுக்கிக்கொண்டு திரிகிற மகராசன். இன்றாவது ஒரு வார்த்தை பேசிவிட மாட்டானா என்று சுருட்டைக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மற்றவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். "கூப்பிடுய்யா! அண்ணேன்னு கூப்பிடு!"

"இவனையா? இவனுக்கு மூக்குச் சிந்திவிட்டவன்யா நான்!" என்று சீறிவிட்டு, விறுவிறுவென்று பலகையில் உட்கார்ந்து இறங்கியே விட்டான் அண்ணன்.

சுருட்டைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எக்கேடோ கெட்டுப் போ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். கை காப்புக் கயிற்றை விடவில்லை, வாஸ்தவம். ஆனால் பலகைக் கயிறு உரசும் சுவர் விளிம்பில் சாக்கு மடித்து வைத்திருக்கிறதா என்று பார்க்கவில்லை. 'அண்ணே' என்ற குரல் வந்தால், பதில் சொல்லுமுன் கண் தானாக அங்கே போகும். இன்று குரலும் வரவில்லை, கண்ணும் போகவில்லை.

காற்று கிளம்பியது. பலகை ஆட ஆட, விளிம்பு கயிற்றைத் தின்றது. பட்டென்று அறுந்தது! பெயிண்ட் டின் கீழே விழுந்து சிதறிய சத்தம் மாடிவரை கேட்டது. காப்புக் கயிறு சுருட்டையின் உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு ஓட, அவன் தரையோடு இழுபட்டு, சுவரில் காலை முட்டுக்கொடுத்து நின்றான். அப்பப்பா, என்ன கனம்!

"அண்ணே!" கீழிருந்து அலறல். "அண்ணே, விட்றாத!"

"இருக்கேன்! இருக்கேன்டா!" என்று அழுதுகொண்டே கத்தினான் சுருட்டை.

மேஸ்திரி பாய்ந்து வந்து அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவன், அவனுக்குப் பின்னால் இன்னொருவன். "இருக்கோம்டா தம்பி!" என்று மாடியே கத்தியது. "இழு! விடாத, இழு!"

மேலே வந்து விழுந்தவன் தரையைக் கட்டிக்கொண்டு கிடந்தான். சுருட்டை தோல் உரிந்த கையை ஊதியபடி பக்கத்தில் உட்கார்ந்தான். "கோவத்துல சாக்கப் பாக்காம விட்டுட்டேன். தப்பு என்னோடது."

அண்ணன் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தான். தன் சட்டையைக் கிழித்துச் சுற்றிக் கட்டினான்.

"இதோட வீட்டுக்குப் போனா அவ என்னைத் தொலைச்சுக் கட்டிருவா," என்றான் சுருட்டை.

"நானும் வரேன். திட்டுறத என்னையே திட்டட்டும்." அண்ணன் முடிச்சை இறுக்கினான். "வெளியவே நிக்கிறேன். அவ வாங்கன்னு சொன்னா உள்ள வரேன்."