கதவுப் பக்கம் தள்ளாதே

அல்பெனி கிழவர் செத்துப்போனதில் ஊரில் ஒருவனுக்கு மட்டும் சந்தோஷம். ரோசேருக்கு. வெளியே சொல்ல முடியாத சந்தோஷம்.

அமெரிக்காவின் வட மெயின் மாநிலத்தில் டிசம்பருக்குப் பிறகு சாகிறவர்களுக்குக் குழி கிடையாது. மண் அப்படி இறுகிவிடும். கல்லறைத் தோட்டத்தின் கோடியில், மேட்டைக் குடைந்து கட்டிய கல் அறையில் பெட்டிகள் மே மாதம்வரை காத்துக் கிடக்கும். இன்னொரு பெட்டி வந்தால்தான் அதன் இரும்புக் கதவைத் திறப்பார்கள்.

ரோசேரின் மனைவி ஓடீல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்திலிருந்து அங்கே இருந்தாள். அவளை உள்ளே வைத்த அன்று எல்லாரும் பெட்டியைத் தொட்டார்கள். அவன் கோட்டுப் பைக்குள் கையை விட்டபடியே நின்றுவிட்டான். பிறகு ஒருநாள் சாவி கேட்டுப் போனபோது, "போய்ப் பாத்துட்டு வர்றதுக்கு அது வீடு இல்லப்பா" என்று ஃபாதர் திருப்பி அனுப்பிவிட்டார்.

இப்போது அல்பெனிக்காகக் கதவு திறக்கும். ஒரு நிமிஷம் போதும். ஒருமுறை தொட்டால் போதும்.

அதனால்தான் கல்லறைத் தோட்டத்துப் பாதையில் பனியைத் தானே தள்ளுவதாகச் சொன்னான். ஓடீலின் பெரிய பிக்கப் வண்டி இன்னும் முன்னால் பனி தள்ளும் தகடு மாட்டியபடியே நின்றது. குளிர்காலம் முழுக்க ஊர் வாசல்களில் பனி தள்ளிச் சம்பாதித்தவள் அவள். அவன் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன்.

"வேணாம் மாப்ள, நான் தள்ளிடறேன்," என்றான் ஓடீலின் அண்ணன் நார்மன். "இது கரும்பலகை தொடைக்கற வேலை இல்ல."

"அவ வண்டி மச்சான். நான்தான் ஓட்டுவேன்."

"ஓட்டு, ஓட்டு. போன தடவ எங்க தபால் பெட்டியப் பக்கத்து வீட்டுல குடியேத்தின. இந்தத் தடவ யார் சிலுவையோ."

வெளிச்சம் வந்ததும் கிளம்பினான். சிலுவை எதுவும் சாயவில்லை. பாதையின் கடைசித் துண்டு இரண்டு கல் சுவர்களுக்கு நடுவே நேராகக் கதவுக்கு இறங்கியது. கதவை நெருங்க நெருங்க அவன் கால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியது. தகட்டின் முன்னால் உருண்டு போன பனி மொத்தமும் கதவில் மோதி நின்றது. பின்னால் வந்து இன்னொருமுறை தள்ளினான். கதவின் மேல்விளிம்பும் மறைந்தபோதுதான் நிறுத்தினான்.

சமையலறை மேசை நினைவுக்கு வந்தது. ஓடீல் வெண்ணெய்க் கத்தியைத் தட்டில் இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். "கதவுப் பக்கம் தள்ளவே கூடாது, தெரியுமா. கதவோரம் தகட்ட எறக்கி ரிவர்ஸ்ல இழுத்துட்டு வரணும். தள்ளின பனி சிமெண்ட் மாதிரி ஆயிடும்." அவன் விடைத்தாள் திருத்தியபடி 'ம்' கொட்டியிருந்தான்.

தகட்டை இறக்கி இழுத்துப் பார்த்தான். மேலாகச் சுரண்டியது. அவ்வளவுதான்.

சவ வண்டி வந்தது. அல்பெனியின் மகள் இறங்கி, கதவு இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தாள்.

"எங்கப்பாவ எங்க வைக்கறது?"

நார்மன் மண்வாரியை எடுத்தான். ஆண்கள் மாறி மாறிக் கொத்தினார்கள். சுவர்களுக்கு நடுவே எறிய இடமில்லை. வெட்டிய பனியைச் சுமந்துபோய்க் கொட்ட வேண்டியிருந்தது. காற்று எழுந்தது. மறுபடி பனி இறங்கியது.

"கெழவன் என்னிக்கு நேரத்துக்குப் போயிருக்கான்," என்றது ஒரு குரல்.

ஃபாதர் சாவியைப் பைக்குள் போட்டார். "போதும். பக்கத்து ஊர் அறையில கேட்டுட்டேன். எடம் இருக்காம்."

"இன்னும் கொஞ்சம் ஃபாதர். நானே வெட்டி எடுத்துடறேன்."

"எடுத்து? உள்ள வைக்கத்தான் இனிமே யாரும் இல்லையே. வீட்டுக்குப் போப்பா. மே மாசம் பாத்துக்கலாம்."

வண்டிகள் திரும்பின. நார்மன் கடைசியாக நின்றான்.

"அவ உனக்குச் சொல்லித் தரலையா?"

"சொன்னா."

"பின்ன?"

ரோசேர் மண்வாரியைக் கையில் எடுத்தான். நார்மனும் போனான்.

அவன் தனியாக வெட்டினான். பொழுது சாயும் நேரத்தில் உள்ளங்கை அளவுக்கு இரும்பு தெரிந்தது. கையுறையைக் கழற்றித் தொட்டான். உறைந்த இரும்பில் கை ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது கொஞ்சம் தோல் அங்கேயே நின்றுவிட்டது.

வீட்டு வாசலிலும் பனி நிறைந்து கிடந்தது. கராஜ் கதவை ஒட்டி வண்டியை நிறுத்தி, தகட்டை இறக்கி, ரிவர்ஸில் இழுத்தான்.

சுத்தமாக வந்தது.