லிஸ்பனில் ஒரே மேசையில்

ஆஃபீஃபா பிறந்த பிறகு அன்வர் பாட்சாவும் பத்ருன்னிசாவும் வெளியே சாப்பிடப் போனால் முறை வைத்துத்தான் சாப்பிட்டார்கள். நியூ ஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சரில் வழக்கமாகப் போகிற டைனர் ஓட்டலில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே குழந்தை கத்த ஆரம்பிப்பாள். அன்வர் அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவான். பத்ருன்னிசா அவசரமாக விழுங்கிவிட்டுப் போய்க் குழந்தையை வாங்கிக்கொள்வாள். அப்புறம் அவன் வந்து ஆறிப்போனதைச் சாப்பிடுவான். பக்கத்து மேசைக்காரர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கே பத்ருன்னிசா தலையைக் குனிந்துகொள்வாள்.

தொண்ணூற்றொன்பது ஏப்ரலில் கம்பெனி வேலையாக அன்வர் ஒரு வாரம் போர்ச்சுகலில் லிஸ்பனுக்குப் போக வேண்டியிருந்தது. ஹோட்டல் ரூம் எப்படியும் இருக்கிறதே என்று குடும்பத்தையும் கூட்டிப் போனான். பகலில் அவன் ஆபீஸ் போய்விடுவான். பத்ருன்னிசா எடிசன் இந்தியக் கடையில் வாங்கிவந்த உப்புமா பாக்கெட்டை ஹோட்டல் கெட்டில் தண்ணீரில் ஊறவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துச் சமாளித்தாள். வெள்ளிக்கிழமை அவன் சீக்கிரம் வந்தான்.

"இன்னிக்கு வெளிய போய் ஒழுங்கா சாப்பிடலாம் பத்ரு."

"இதுங்க ரெண்டையும் வச்சுக்கிட்டா?"

"மீனுக்குப் பேர்போன ஊரு. ஹலாலான்னு யோசிக்கவே வேணாம், கிளம்பு."

ஆறு மணிக்கு எந்தக் கடையும் திறந்திருக்கவில்லை. நாற்காலிகளை மேசை மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். எட்டு மணிக்கு வா என்று விரலைக் காட்டினார்கள். தெருவெல்லாம் ஒரே ஏற்றம். ஸ்ட்ரோலர் சக்கரம் கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது, டிராம் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டது.

"அத்தா, ஐ'ம் ஹங்க்ரி. ஐ வான்ட் மக்கரோனி," என்றான் ஐந்து வயது உஸைர்.

"நடடா தங்கம், இந்தா வந்துருச்சு," என்று சொல்லியே அன்வர் அவனை மூன்று தெரு நடக்க வைத்தான்.

கடைசியில் ஒரு சின்னக் கடை. ஒரு பெரியவர் மேசைகளுக்குக் காகிதம் விரித்துக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, இன்னும் நேரமாகவில்லை என்று தலையாட்டினார். அதற்குள் உஸைர் வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டான். அவர் அவனைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், உள்ளே வரச்சொல்லிக் கையசைத்தார்.

அங்கே குழந்தைக்கென்று உயர நாற்காலி இல்லை. "நோ மீட், நோ வைன்," என்று அன்வர் இரண்டு தடவை சொன்னான். "நோ மீட், நோ வைன்," என்று அவரும் இரண்டு தடவை சொல்லிவிட்டு, தன் பேனாவை உஸைரிடம் கொடுத்து மேசைக் காகிதத்தைத் தட்டிக் காட்டினார். அவன் உடனே பிளேன் வரைய ஆரம்பித்தான்.

மீன் வெந்துகொண்டிருக்கும்போதே மற்ற மேசைகள் நிறைந்தன. ஆஃபீஃபா ரொட்டியை எறிந்தாள், கரண்டியை எறிந்தாள், பிறகு மூச்சுப் பிடித்துக் கத்தினாள். தட்டுகள் வருவதைப் பார்த்ததும் அன்வர் எழுந்தான்.

"நான் வெளிய வச்சுக்கிறேன். நீ மொதல்ல சாப்பிடு."

பெரியவர் தட்டுகளை வைத்தார். "சிட், சிட்," என்று அன்வரின் தோளை அழுத்தி உட்காரவைத்து, அவன் கையிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

இருவரும் திகைத்துப்போனார்கள். நியூ ஜெர்சியில் குழந்தையின் தலையைத் தடவக்கூட அனுமதி கேட்பார்கள்.

"ஏங்க, எங்க தூக்கிட்டுப் போறாரு?" பத்ருன்னிசா பின்னாலேயே ஓடினாள்.

அடுக்களையில் ஏப்ரன் கட்டிய ஒரு அம்மாள், ஆஃபீஃபாவை மேசைமேல் உட்காரவைத்து இடுப்பில் சாய்த்துப் பிடித்திருந்தார். பக்கத்துச் சட்டியில் சிவப்பாகச் சோறு. இந்த ஊரில் எதிலும் பன்றி இறைச்சித் துண்டு போடுவார்கள் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்து, பத்ருன்னிசா சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. சட்டியை அவள் பக்கம் சாய்த்து, அகப்பையால் கிளறிக் காட்டினார். தக்காளி, வெங்காயம், ஒரு பிரிஞ்சி இலை, வேறெதுவும் இல்லை. பிறகு ஒரு கரண்டி எடுத்து ஊதி, சூடு போயிற்றா என்று தன் உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு ஊட்டினார். ஆஃபீஃபா விசும்பிக்கொண்டே வாயைத் திறந்தாள். அந்த அம்மாள் பத்ருன்னிசாவைப் பார்த்து, நீ போய்ச் சாப்பிடு என்று புறங்கையால் விரட்டினார்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். "வேர் இஸ் பேபி?" என்றான் உஸைர், தலை நிமிராமல்.

"உள்ள சாப்பிடுறா."

மீன் தோல் மொறுமொறுவென்று இருந்தது. அன்வர் முள்ளெடுத்து ஒரு துண்டை அவள் தட்டில் வைத்தான். எதிரும் புதிருமாக உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டார்கள்.

"நல்லாருக்கில்ல?"

"ம்." பிறகு அவள் சொன்னாள். "ஏங்க, நான் டிரைவிங் கத்துக்கணும்."

"நான்தான் எல்லா இடத்துக்கும் கூட்டிட்டுப் போறேனே."

"அதான் வேணாங்கிறேன். பால் தீர்ந்தாலும் நீங்க வரணும், புள்ளைக்குக் காய்ச்சல்னாலும் நீங்க வரணும். கரூர்ல ஒன்பதாங் கிளாசையே ஒத்தையா கட்டி மேய்ச்சவ நானு. இங்க ஜன்னலப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அன்வர் கையிலிருந்த முட்கரண்டியைக் கீழே வைத்தான். "இத்தன நாளா ஏன் சொல்லல?"

"எப்பச் சொல்றது? வாயத் தொறந்தா இவன் கூப்பிடுவான், இல்லன்னா அவ கத்துவா."

அவனுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அடங்கியும்விட்டது. "எனக்குப் பயம் பத்ரு. ரூட் ஒன் ஹைவேல எப்படிப் போறாங்கன்னு பார்த்திருக்கேல்ல?"

"பயமாத்தான் இருக்கும். நீங்களே சொல்லிக் குடுங்க."

அவன் இன்னொரு துண்டுக்கு முள்ளெடுத்து அவள் தட்டில் வைத்தான். "சரி. போனதும் சனிக்கிழமை ஆரம்பிக்கலாம். ஜங்ஷன் ரயில் ஸ்டேஷன் பார்க்கிங் காலியா கெடக்கும்."

சாப்பிட்டு முடிக்கும்போது அந்த அம்மாள் வெளியே வந்தார். ஆஃபீஃபா கன்னமெல்லாம் தக்காளியோடு அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். பத்ருன்னிசா கை நீட்டியும் உடனே தரவில்லை. அடுக்களை வாசலில் நின்று தட்டிக்கொடுத்தபடி, சாப்பிட வந்தவர்களிடம் குழந்தையைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார். அவர்களும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பத்ருன்னிசாவுக்குக் கண் கலங்கியது. நன்றி சொல்ல அந்த ஊர் வார்த்தை தெரியவில்லை. அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

டிரைவிங் டெஸ்டில் பத்ருன்னிசா முதல் தடவை தேறவில்லை, அடுத்த தடவை தேறினாள். பிறகு அன்வருக்கு நியூயார்க்கில் வேலை கிடைத்தது. இரண்டாயிரத்தொன்றில், சாயந்திரம் ஸ்டேஷனிலிருந்து அவனைக் கூட்டிவருவது அவள்தான். ஒருநாள் காரில் லிஸ்பன் பேச்சு வந்தது. கடை வாசற்கதவு பச்சை என்றான் அன்வர், நீலம் என்றாள் அவள். கடைக்குப் பெயர்ப்பலகை இருந்ததா என்றே இருவருக்கும் ஞாபகமில்லை. இன்னொரு தடவை போனால்கூட அந்தத் தெருவைக் கண்டுபிடிக்க முடியாது என்று அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.

"டிட் ஐ க்ரை?" என்று பின்சீட்டிலிருந்து கேட்டாள் ஆஃபீஃபா.

"ஊரே திரும்பிப் பார்க்குற மாதிரி அழுத," என்றாள் பத்ருன்னிசா.

"அப்புறம்?"

அவளாகவே தமிழில் கேட்டது அபூர்வம். அன்வர் பின்னால் திரும்பி உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.